லேசர் படகின் ஹல்லுக்குள் ஈரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசர் ஓட்டப் பழகுபவர்கள், பழைய படகு வாங்கியவர்கள், பிள்ளைக்காகப் படகைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர் எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பதால் இதைத் தொகுத்தேன். 4.2 மீட்டர் நீளம், ஒரே பாய், ஒரே ஆள். அந்த லேசர் டிங்கியைத்தான் சொல்கிறேன். இப்போது அதன் அதிகாரபூர்வப் பெயர் இல்கா. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டியது இதன் ரேடியல் வகையை. கரையில் எல்லாரும் லேசர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய யோசனைகள் இணையத்தில் நிறைய உண்டு. நம் கடற்கரைக் காற்றில் அவற்றில் பாதி பலிப்பதில்லை. ஏன் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

படகைத் தூக்கினா உள்ளே "சளக் சளக்"னு சத்தம் வருது. தண்ணி போயிருக்கா?

ஆமாம். ஹல் (அடிக்கூடு), டெக் (மேல்தளம்) இரண்டையும் தனித்தனியாக வார்த்து ஒட்டிய வெற்றுக்கூடுதான் லேசர். உள்ளே வெறும் காற்றும், மிதப்புக்காக வைத்த பிளாஸ்டிக் காற்றுப் பைகளும் அல்லது நுரைக் கட்டைகளும் மட்டுமே இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பலகையில் இருக்கும் பங்கை (வடிதுளையை மூடும் அடைப்பானை) கழற்றி, முன்பக்கத்தை இடுப்பளவுக்குத் தூக்கி வையுங்கள். தண்ணீர் நின்ற பிறகு படகை இடமும் வலமுமாகச் சாய்த்து, மறுபடி வடிய விடுங்கள். காற்றுப் பைகளுக்கு இடையில் தேங்கியது அப்போதுதான் வரும். வந்ததை ஒரு வாளியில் பிடித்து அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

கொஞ்சம் தண்ணி தானே, இருந்தா என்ன?

ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. லேசர் ஹல்லின் எடை 59 கிலோ. அதில் 5 லிட்டர் தேங்கினால் பந்தயத்தில் கண்கூடாகத் தெரியும். அந்த எடை ஓரிடத்தில் நிற்காது, படகு சாய்கிற பக்கமே ஓடும். காற்று வேகமெடுக்கும் நேரத்தில் படகு பிடி கொடுக்காமல் புரளும்.

எடையைவிட எனக்குக் கவலை, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான். கவிழ்ந்த படகை மிதக்க வைப்பதே ஹல்லுக்குள் இருக்கும் காற்று. மாஸ்ட் (பாய்மரம்) நிற்கும் குழாயின் அடியில் விரிசல் விட்டு அதன் வழியாகத் தண்ணீர் போயிருந்தால், ஒரு பலத்த காற்றில் மாஸ்ட் டெக்கைப் பிளந்துகொண்டு விழலாம். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி அது நடக்கக் கூடாது.

சரி, தண்ணி எங்கேருந்துதான் வருது?

முதலில் மாஸ்ட் குழாயைப் பாருங்கள். குழாயின் அடியில் மணல் தங்கும். அதன்மேல் மாஸ்டின் அடி திரும்பத் திரும்ப அரைத்து அடிப்பாகம் தேய்ந்துபோகும். குழாயில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழ் வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஓட்டை அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் அந்தப் படகைக் கடலில் இறக்காதீர்கள்.

மற்றபடி, பங்கின் ரப்பர் வளையம், காக்பிட் பெய்லர் (ஆள் உட்காரும் பள்ளத்துத் தண்ணீரை வெளியேற்றும் வால்வு), டாகர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமல் அடியில் இறக்கும் பலகை) பெட்டி டெக்கோடும் ஹல்லோடும் சேரும் விளிம்பு, சுக்கான் கொக்கிகளின் திருகுகள், டெக்கும் ஹல்லும் ஒட்டும் ஓரம். பழைய படகில் பெரும்பாலும் திருகுகள் வழியாகத்தான் அதிகம் கசியும். கழற்றி, துடைத்து, பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து மறுபடி முடுக்குங்கள். சிலிக்கான் வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு ரெசின் ஒட்டாது.

காக்பிட் முன்சுவர்ல ஒரு குட்டி ஓட்டை இருக்கு. அதை அடைச்சிடவா?

அடைக்காதீர்கள். அது வேண்டுமென்றே வைத்த காற்றுத்துளை. வெயிலில் நின்ற படகின் உள்காற்று 55 டிகிரிக்குப் போயிருக்கும் என்று வையுங்கள். அதை 28 டிகிரி கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று 8 சதவீதம் சுருங்கப் பார்க்கும். முழுக்க மூடிய கூட்டில் அந்த இழுப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ பாரத்துக்குச் சமம். கூடு அதைத் தாங்குவதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு விரிசல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

துளை திறந்திருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்று போகும். அதனால் அதைக் குண்டூசியால் அவ்வப்போது குத்தி, உப்புக்கட்டி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாகத் துளி நீர் போகும்தான், ஆனால் சளக் சத்தத்துக்கு அது காரணமாகாது. மதிய வெயிலில் நின்ற படகை நேரே கடலில் தள்ளாமல், டெக்மேல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு இறக்குவது நல்ல பழக்கம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க உள்ளே காத்தடிச்சு சோப்புத் தண்ணி தடவலாமா?

தடவலாம், ஆனால் பஞ்சர் கடை கம்ப்ரெஸ்ஸர் பக்கமே போகாதீர்கள். காற்றுத்துளையை டேப்பால் ஒட்டி, பங்கு ஓட்டையில் குழாய் வைத்து வாயால் ஊதினாலே போதும். வேக்கம் கிளீனரின் வெளியேறும் காற்றைக் கொடுப்பதாக இருந்தால், குழாயை இறுக்கி அடைக்காமல் பக்கத்தில் இடைவெளி விட்டுத் தளர்வாகப் பிடியுங்கள். 10 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் அற்பமாகத் தோன்றும். அதுவே ஒரு சதுர மீட்டர் டெக்கில் 100 கிலோ உந்தலாகிறது. கொஞ்சம் மீறினாலும் டெக் ஓரம் பிளந்துவிடும்.

முன்பு சொன்ன சந்தேகத்துக்குரிய இடங்களில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைத் தடவி, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். பெரிய ஓட்டையில் நுரை சட்டென்று பறந்துவிடும். மயிரிழை விரிசலில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி வரும். அந்த இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். முடிந்ததும் காற்றுத்துளையில் ஒட்டிய டேப்பை மறக்காமல் எடுங்கள்.

தண்ணியை வடிச்சாச்சு. பங்கைப் போட்டு வெயில்ல வெச்சா தானா காஞ்சிடாதா?

காயாது. ஹல்லுக்குள் இருக்கும் காற்று ஒரு கன மீட்டர்கூடக் கிடையாது. 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் ஆவி அதிகபட்சம் 51 கிராம். அதாவது, உள்ளே அரை டம்ளர் தண்ணீர் இருந்தாலே காற்று நிறைந்துவிடும், மிச்சம் அப்படியே கிடக்கும். ராத்திரி டெக் குளிர்ந்ததும் ஆவியானதும் திரும்ப நீராகி டெக்கின் உள்பக்கமெங்கும் வியர்க்கும். பகல் முழுக்க ஆவியாக்கி, இரவெல்லாம் திரும்ப ஊற்றுகிற வேலைதான் நடக்கும்.

உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வேண்டும், வேறு காற்று உள்ளே வர வேண்டும். காயவைப்பது என்றால் இதுதான். வெப்பம் இதற்கு உதவும், ஆனால் காற்றோட்டம் இல்லாத வெப்பத்தால் பயனில்லை.

எல்லாம் வடிச்சு, தெறந்து வெச்சு, ஓட்டையும் அடைச்சாச்சு. காலையில கை விட்டுப் பாத்தா மறுபடி பிசுபிசுன்னு ஈரம். இது எங்கேருந்து?

உப்பிலிருந்து. நம் கடற்கரையில் ஹல் காயாததற்கு முதல் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். உள்ளே போன கடல் நீர் ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட மோசம், மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்திலேயே இழுக்க ஆரம்பிக்கும். சென்னை ராத்திரிகளில் ஈரப்பதம் பெரும்பாலும் 75-க்கு மேல்தான். அடுப்படி உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை.

அதனால் கடல் நீர் போன ஹல்லைக் காயவைக்கும் முன் உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் படகுக்குள் இன்னும் தண்ணீரா என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். பத்து லிட்டர் ஊற்றி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டி, வடியுங்கள். வடிவதை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்காத வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கடற்கரை போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும், லாரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ நல்லது.

கழுவவும் காயவைக்கவும் கை போக வழியே இல்லையே. டெக்ல ஓட்டை போட்டே ஆகணுமா?

ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் போனதற்கு வேண்டாம். தொடர்ந்து ஈரம் இருக்கிற பழைய படகுக்குக் கட்டாயம் வேண்டும் என்பேன். திருகு மூடி போட்ட இன்ஸ்பெக்ஷன் போர்ட் இரண்டு வையுங்கள்: மாஸ்ட் குழாயின் அடியைத் தொட முடிகிற இடத்தில் ஒன்று, காக்பிட்டுக்குப் பின்னால் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் காற்று போய்வர வழி இருக்காது. லேசர் கிளாஸின் பந்தய விதிப்படி உள்விட்டம் 153 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். கை முழங்கை வரை போகிற அளவாக வாங்குங்கள்.

லேசர் டெக் இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே நுரை வைத்த சாண்ட்விச். வெட்டிய விளிம்பில் அந்த நுரை பளிச்சென்று தெரியும். அதன்மேல் எபாக்சி தடவி மூடாமல் போர்ட்டை வைத்தீர்களானால் டெக்குக்குள்ளேயே தண்ணீர் போக நீங்களே வழி செய்ததாகிவிடும்.

ஃபேன் வைக்கிறதுன்னா, உள்ளே ஊதணுமா வெளியே இழுக்கணுமா?

இரண்டும் வேலை செய்யும். எனக்குப் பிடித்தது, உள்ளே ஊதுவது. பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் போதும். பின் போர்ட்டில் ஃபேனைப் பொருத்தி, வாஷிங் மெஷின் குழாய் தடிமனுக்குக் குறையாத ஒரு வளையும் குழாயை அதோடு இணைத்து, அதன் நுனி ஹல்லின் அடியில், மூக்குப் பக்கம் போய்ச் சேரும்படி தள்ளுங்கள். ஈரம் அடியில்தான் கிடக்கிறது, காற்றும் அங்கே போக வேண்டும். முன் போர்ட்டையும் பங்கையும் திறந்து விடுங்கள்.

எப்போது ஓட்டுவது என்பது ஃபேனைவிட முக்கியம். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று ஏற்கெனவே கன மீட்டருக்கு 24 கிராம் ஆவியைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. வெயிலில் சூடேறிய ஹல்லுக்குள் நுழைந்து 40 டிகிரி ஆனதும் அதே காற்றின் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அப்போது அது தாராளமாக ஈரத்தை ஏற்கும். அப்படியும் ஒரு லிட்டரை வெளியேற்ற, ஆகச் சிறந்த நிலையிலேயே 35 கன மீட்டருக்கு மேல் காற்று போய்வர வேண்டும். ஆகவே காலை பத்து மணி வாக்கில் தொடங்கி, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நிறுத்தி, மூடிகளைப் போட்டுவிடுங்கள். ராத்திரி திறந்து வைத்தால் ஈரக் காற்று உள்ளே போய்க் குளிர்ந்த டெக்கில் வியர்க்கும். ஆனி, ஆடியில் காலை முதல் மேல்காற்று வறட்டிக்கொண்டு வீசும், கடற்காற்று திரும்பும் வரை அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வருடத்தில் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

உள்ளே நூறு வாட் பல்பு போட்டு வைன்னு ஒருத்தர் சொன்னார். ஹேர் டிரையர்?

குண்டு பல்பு வேண்டாம். பல்பைச் சுற்றி ஓரிடம் மட்டும் கொதிக்கும். படகுக்கு ஊற்றும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 60, 70 டிகிரியில் இளகத் தொடங்கும். காற்றுப் பை மேல் பட்டால் அது உருகும். உப்பு ஈரத்துக்கு நடுவில் 230 வோல்ட் வயர் கிடப்பது தனி ஆபத்து. ஹேர் டிரையரும் ஹீட் கன்னும் அதே வகை. கையை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு, 45 டிகிரி வரை, போதும். நம் ஊர் வெயில் அதை இலவசமாகவே தருகிறது.

சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டா?

காய்ந்த ஹல்லைக் காய்ந்தபடியே வைத்திருக்க நல்லது, ஈர ஹல்லைக் காயவைக்க உதவாது. ஒரு கிலோ ஜெல் இழுப்பது கால் கிலோ, மிஞ்சினால் முந்நூறு நானூறு கிராம் தண்ணீர். நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அலமாரிக்கு விற்கும் கால்சியம் குளோரைடு டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். அது கவிழ்ந்தால், கஷ்டப்பட்டுக் கழுவி எடுத்த உப்புக்குப் பதில் வேறு உப்பைக் கொட்டியது போலாகும்.

அசிட்டோன் ஊத்தி அலசினா சீக்கிரம் காயுமாமே? இல்லேன்னா வேக்கம் பம்ப் வெச்சு இழுத்தா?

அசிட்டோன், ஸ்பிரிட் எதையும் மூடிய கூட்டுக்குள் ஊற்றாதீர்கள். ஆவி உள்ளே நிற்கும்போது ஃபேனின் ஒரு பொறி போதும், ஆள் மிஞ்ச மாட்டார். உள்ளே நுரைக் கட்டைகள் இருந்தால் அவற்றையும் அரித்துவிடும்.

வேக்கம் யோசனை கணக்கில் அழகாக இருக்கும். 30 டிகிரி நீர் கொதிக்க அழுத்தத்தை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்க வேண்டும். அப்போது டெக்கின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் வெளிக்காற்று பத்து டன்னுக்கு அருகில் அழுத்தும். காற்றுத்துளை பற்றிய பதிலில் வந்த 800 கிலோவே லேசருக்கு அதிகம்.

காஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எடை போடுங்கள். கை வைத்துப் பார்ப்பதைவிட, ஈரமானியைவிட, தராசு நம்பகமானது. கட்டடக்காரர்களின் ஈரமானி உப்பையும் ஈரமாகக் காட்டும். கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு பட்டையில் படகைத் தொங்கவிட்டுத் தொங்கு தராசில் நிறுங்கள். வாரம் ஒரு முறை, அதே தராசில், அதே நேரத்தில். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. 59 கிலோ வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், டெக்கில் பூட்டிய சாமான்கள் இருக்கின்றன, பழைய ரிப்பேர்களின் ரெசினும் இருக்கிறது.

இன்னொரு சோதனை: ஹல்லின் உள்பக்கத்தில் ஒரு சாண் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு பகல் வெயிலில் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் பைபருக்குள்ளேயே இன்னும் ஈரம் இருக்கிறது.

எடை இறங்கவே மாட்டேங்குது. உள்ளே தொட்டா காஞ்சுதான் இருக்கு.

நுரையைச் சந்தேகப்படுங்கள். லேசரில் காற்றுப் பைகள் இருந்தால் அதில் ஒன்று ஓட்டையாகி உள்ளே நீர் நிற்கலாம், போர்ட் வழியாக ஒவ்வொன்றையும் அமுக்கிப் பாருங்கள். நுரைக் கட்டை வைத்த பழைய படகு என்றால், வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்த கட்டை நீரைக் குடித்திருக்கும். சன்ஃபிஷ் என்ற சிறு பாய்ப்படகு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை. நுரைக்குள் போன நீர் வெளிவர வாரங்கள் அல்ல, மாதங்கள் பிடிக்கும்.

நம் மீனவர்கள் கட்டுமரத்தைக் கரைக்கு ஏற்றியதும் கட்டவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயப்போடுவது இதற்காகத்தான். ஊறிய மரம் மிதப்பை இழக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். லேசரைப் பிரித்துப்போட முடியாதே, அதனால் ஊறவே விடக் கூடாது.

டெக்ல கால் வெச்சா ஒரு இடம் அமுங்குது. அதுவும் ஈரம்தானா?

பெரும்பாலும். தகடும் நுரையும் விட்டுப்போன இடத்தில் நீர் புகுந்திருக்கும். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடத்தில் மொத்தென்று இருக்கும். அந்த எல்லையை வரையுங்கள். மேல்தகட்டில் மட்டும் 4, 5 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, நீரை உறிஞ்சி எடுத்து, பல நாள் வெயிலில் காயவிட்டு, பிறகு சிரிஞ்சில் எபாக்சி ஏற்றி மேலே பாரம் வைக்க வேண்டும். மாஸ்ட் குழாயைச் சுற்றி அமுங்கினால் நீங்களே முயல வேண்டாம், லேசர் பழுது பார்த்துப் பழகியவரிடம் கொடுங்கள்.

பைபர் வேலைக்காரர் நாளைக்கே மேட் (பைபர் விரிப்பு) போட்டுத் தரேன்னு சொல்றார். ஈரம் லேசா இருக்கு, பரவாயில்லையா?

காத்திருங்கள். காசிமேடு பக்கம் பைபர் போட் வேலை செய்பவர்கள் கைத்திறனில் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் தொழில் படகு மறுநாளே கடலுக்குப் போக வேண்டிய அவசரத்தில் வேலை பழகியவர்கள். ஈரத்தின்மேல் போட்ட ரெசின் பிடிக்காது, சில மாதத்தில் உரிந்து வரும். முன்பு சொன்ன பாலித்தீன் சோதனையில் தாள் காய்ந்திருந்தால்தான் மேட். பழைய பைபர்மேல் ஒட்ட பாலியெஸ்டரைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும், விலை கூடினாலும் மாஸ்ட் குழாய்க்கு அதையே கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில என்ன பண்றது?

அந்த இரண்டு மாதம் காயவைக்க முயலாதீர்கள், ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பங்கைக் கழற்றி, பின்பக்கம் தாழ்வாக ட்ராலியில் நிறுத்துங்கள். தார்ப்பாயை டெக்கோடு ஒட்டிப் போர்த்தாமல், நடுவில் ஒரு கழியைக் கொடுத்துக் கூரை மாதிரி இழுத்துக் கட்டினால் அடியில் காற்று ஓடும். போர்ட் மூடிகளை இறுக்கிவிடுங்கள். நடுவில் இரண்டு நாள் வெயில் வந்தால் திறந்து ஃபேனை ஓட்டுங்கள், மேகம் கூடினால் மூடுங்கள்.

பழைய லேசர் ஒண்ணு விலைக்கு வருது. தராசுல 66 கிலோ காட்டுது. வாங்கலாமா?

எடையை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த 7 கிலோ சும்மா தேங்கிய தண்ணீர் என்றால் ஒரு கோடைக்காலத்தில் போய்விடும். பங்கைக் கழற்றிப் படகைச் சாய்த்து என்ன வருகிறது என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள். மாஸ்ட் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் உட்காருங்கள், அவர் அவசரப்படுத்தினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாணயத்தால் டெக் முழுக்கத் தட்டுங்கள்.

தண்ணீர் வடிந்து, குழாய் மட்டம் இறங்காமல், டெக்கும் கணீரென்று இருந்தால் பேரம் பேசி வாங்கலாம். ஒரு சொட்டும் வடியாமல் 66 கிலோ நிற்கிறது என்றால் நீர் நுரையில் இருக்கிறது, அல்லது அத்தனை கிலோ ரிப்பேர் ரெசின் ஏறியிருக்கிறது. பழகுவதற்கு என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பந்தயத்துக்கு என்றால் வேறு படகு பாருங்கள்.